தேயிலை மலைக்கு மேலே ஒரு பாதை

பைலட் ஆக வேண்டும் என்று சொல்லாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? ஐந்தாறு வயதில் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். பத்தாம் வகுப்புக்கு வரும்போது மறந்துவிடுவார்கள். மறக்காத சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய உம்மா வாப்பாமாருக்குத்தான் கவலை. "மௌலவி, மகள் சாதாரண தரம் எழுதிட்டா. விமானிப் படிப்புத்தான் படிப்பேன் எண்டு பிடிவாதமா நிக்கிறா. இது நடக்கிற காரியமா? மார்க்கத்தில கூடுமா?" என்று ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தாய்மார் கேட்கும்போது இரண்டு கேள்விக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடிவதில்லை. முதற் கேள்வியின் பதில் நீளமானது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

விமானி என்பவர் ஒரே பரீட்சையில் உருவாகிறவர் அல்லர். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்த படிகள் உலகம் முழுவதற்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 17 வயதில் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெறலாம். அதற்குக் குறைந்தது 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு சம்பளத்துக்குப் பறக்க முடியாது. வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு வயது 18. பறப்பு 200 மணித்தியாலம். அங்கீகாரம் பெற்ற தொடர் பாடநெறியில் படித்தால் 150 போதும். பெரிய விமானத்தில் தலைமை விமானியாக, அதாவது கப்டனாக அமர வேண்டுமானால் 21 வயதும் 1,500 மணித்தியாலமும் வேண்டும். நமது நாட்டில் இவற்றை வழங்குவது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. பயிற்சி பெரும்பாலும் ரத்மலானை விமான நிலையத்தில், செஸ்னா போன்ற சிறிய விமானங்களில் நடக்கிறது. கொழும்பில் தங்கிப் படிக்க வேண்டும் என்பதை மலைநாட்டுக் குடும்பங்கள் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

பிள்ளைக்குக் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் வேண்டும். மூன்றில் ஆங்கிலத்தைத்தான் நம் பக்கத்துப் பாடசாலைகளில் கைவிட்டுவிடுகிறோம். வானொலியில் கட்டுப்பாட்டாளர் சொல்வதைப் புரிந்து திருப்பிச் சொல்லும் ஆற்றலுக்கு ஆறு நிலைகள் வகுத்திருக்கிறார்கள். சர்வதேசப் பறப்புக்கு நான்காம் நிலையாவது எட்ட வேண்டும். இலக்கணப் பிழை இல்லாமல் கட்டுரை எழுதுவது இங்கே உதவாது. காது கேட்க வேண்டும், வாய் பேச வேண்டும்.

அடுத்தது உடல். முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. கண், காது, இருதயம், இரத்த அழுத்தம், நரம்பு எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போடுகிற பிள்ளை தகுதி இல்லை என்று ஒரு பேச்சு நம்மிடையே இருக்கிறது. அது சரியல்ல. கண்ணாடியோடு பார்வை உரிய அளவுக்கு வந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் சிக்கல். அது பிறவியிலேயே வருவது, ஆண்பிள்ளைகளிடம் அதிகம், வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருக்கும். ஆகையால் தாய்மாருக்கு ஒன்று சொல்கிறேன்: பயிற்சிப் பாடசாலைக்கு ஒரு சதம் கட்டுவதற்கு முன்னே இந்த மருத்துவச் சோதனையைச் செய்துவிடுங்கள். இலட்சக் கணக்கில் கட்டிய பிறகு வைத்தியர் தலையாட்டினால் யாரிடம் போய் அழுவது?

பணம் என்று வந்துவிட்டோம். இது ஏழைக்கு எட்டும் படிப்பு என்று பொய் சொல்ல மாட்டேன். விமானம், உதிரிப்பாகம், எரிபொருள் எல்லாம் டொலரில் வருகின்றன. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. பயிற்சிச் செலவும் அதோடு ஏறியது. பஜார் கடையை விற்று, உம்மாவின் நகையை அடகு வைத்து, மிச்சத்துக்கு வட்டிக் கடன் எடுத்துப் பிள்ளையை அனுப்புவதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்க மாட்டேன். அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த மறுநாளே வேலை வருவதில்லை. எயார்பஸ் போன்ற ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனிப் பயிற்சி வேண்டும். விமான சேவைகள் ஆள் எடுப்பது சில ஆண்டுகளில் அதிகம், சில ஆண்டுகளில் அறவே இல்லை. கொரோனாக் காலத்தில் உலகமெங்கும் விமானிகள் வீட்டில் இருந்தார்கள். வசதி குறைந்தவர்கள் படிப்படியாகப் போகலாம். முதலில் தனியார் அனுமதிப்பத்திரம் வரை. பிள்ளையின் கையையும் மனதையும் பார்த்து அதன்பின் மேலே. பணத்தையும் மொத்தமாகக் கொடுக்காமல் கட்டம் கட்டமாகக் கட்டுங்கள். பாடசாலைக்கு அதிகார சபையின் அங்கீகாரம் இருக்கிறதா, உண்மையில் பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் நிற்கின்றன என்று நேரில் போய்ப் பாருங்கள். மூன்று விமானத்தின் படத்தை அச்சிட்டு ஒன்றை மாத்திரம் பறக்க விட்டால் 200 மணித்தியாலம் முடிய எத்தனை வருடம் ஆகும் என்பது உங்களுக்கே விளங்கும்.

இனிப் படிப்பு. விமானச் சட்டம், வானிலை, இயந்திர அறிவு, பறப்பின் தத்துவம், மனித உடலும் மனமும், வானொலித் தொடர்பு என்று பாடங்கள் பல. இவற்றில் வழியறிதல் என்னும் பாடத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். காரணம், அந்தப் பாடத்தின் விலையை நமது மலைநாடு ஒரு முறை கண்ணால் கண்டிருக்கிறது.

1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு. துல்கஃதா மாதம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் மூன்று வாரமளவே இருந்தது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட டி.சி. 8 ரக விமானம், இடையில் கட்டுநாயக்கவில் இறங்குவதற்காக வந்துகொண்டிருந்தது. விமானம் நெதர்லாந்தின் மார்ட்டினேர் நிறுவனத்துக்குச் சொந்தமானது. உள்ளே 182 ஹஜ் பயணிகள், 9 பணியாளர்கள். இரவு பத்து மணி கடந்தபோது மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இஹ்ராம் கட்டப் போனவர்கள் தேயிலைக்கு மேலே காட்டுப் பாறையில் சிதறிப் போனார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

ஏன் மோதியது? இயந்திரம் பழுதாகவில்லை. தாங்கள் நிற்கும் இடம் எது என்பதை விமானிகள் தவறாக விளங்கிக்கொண்டார்கள். கிழக்கிலிருந்து கட்டுநாயக்க வரும் விமானத்துக்கு நடுவே நமது மலைகள் நிற்கின்றன. மலைகளைத் தாண்டிய பிறகே தாழ இறங்க வேண்டும். அவர்கள் தாண்டிவிட்டதாக எண்ணி இறங்கினார்கள். விமான நிலையத்துக்கு இன்னும் ஏறத்தாழ 40 கடல் மைல், அதாவது 75 கிலோமீற்றரளவு இருந்தது. அந்த விமானத்தில் இருந்தது டொப்ளர் என்னும் கருவி. கீழே வானொலி அலையை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு வேகத்தையும் விலகலையும் அது கணக்கிடும். நீண்ட கடற்பயணத்தில் சிறு சிறு பிழைகள் சேர்ந்து பெரும் பிழையாகும். அதையும் வானிலை ராடாரையும் நம்பி இருந்ததால் தவறாக விளங்க இடம் உண்டாயிற்று என்பதே விசாரணையின் கருத்து.

இதற்கு மூன்று நாள் முன்னர், டிசம்பர் 1 ஆம் திகதி, அமெரிக்காவில் வொஷிங்டனுக்கு அண்மையில் இன்னொரு பயணிகள் விமானம் இதே போல் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களில் பொருத்தியே ஆகவேண்டும் என்று அந்த நாடு அதே மாதம் உத்தரவிட்டது. கனடாவில் பிறந்த டொன் பேட்மன் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய கருவி அது. 2023 இல்தான் அவர் காலமானார். முதலில் வந்த கருவி நேர் கீழே மட்டும் பார்க்கும், முன்னால் செங்குத்தாக நிற்கும் மலையைக் காணாது. 1990களில் வந்த புதிய கருவி உலகத்தின் மலை பள்ளங்களை வரைபடமாகத் தன்னுள் வைத்திருக்கிறது. விமானம் மலையை நோக்கிப் போனால் முன்கூட்டியே குரல் கொடுக்கும். அந்தக் குரல் கேட்டால் மறு பேச்சில்லாமல் விமானத்தை மேலே தூக்க வேண்டும் என்பது மாணவர்களுக்கு மனனமாகும் வரை பழக்கப்படும் பாடம். கட்டுப்பாட்டாளரிடம் கேட்பது, வரைபடத்தைப் புரட்டுவது எல்லாம் பிறகு.

1978 நவம்பர் 15 இல், ஹஜ் முடித்துத் திரும்பிய இந்தோனேசியர்களை ஏற்றிய ஐஸ்லாந்து நிறுவனத்தின் விமானம் கட்டுநாயக்கவுக்கு அருகே தென்னந்தோட்டத்தில் விழுந்ததையும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். நான்கு ஆண்டுகளில் இரண்டு ஹஜ் விமானங்கள் இந்தச் சிறு தீவில்.

இனிப் பெண்பிள்ளை விடயம். பாகிஸ்தானில் ஷுக்ரியா கானம் என்பவர் 1959 ஆம் ஆண்டிலேயே வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெற்றார். பயணிகள் விமானத்தை ஓட்ட அன்றைய விதி இடம் தரவில்லை. அவர் பறக்கும் கழகத்தில் ஆசிரியையாகி மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். புனித மக்காவில் பிறந்த ஹனாதி ஸக்கரியா அல் ஹிந்தி, ஜோர்தானின் அம்மான் நகரில் பயின்று, சவூதியின் முதல் பெண் வர்த்தக விமானியானார். அந்தக் காலத்தில் அவருடைய நாட்டில் பெண்களுக்கு மோட்டார் கார் ஓட்டும் அனுமதிகூட இருக்கவில்லை. அது 2018 இல்தான் வந்தது. நமது ஸ்ரீலங்கன் விமான சேவையிலும் பெண் விமானிகள் இருக்கிறார்கள். ஆகவே நடக்கிற காரியமா என்றால், நடக்கிற காரியம்தான்.

கூடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தக் கல்வியைப் படிக்கவே கூடாது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பெண் மஹ்ரம் இல்லாமல் நெடும் பயணம் போவது, வெளியூரில் இரவு தங்குவது ஆகியவற்றில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முற்றாகத் தடுப்பவர்களும் உண்டு. பாதுகாப்பான பயணமானால் இடம் தருபவர்களும் உண்டு. குடும்பம் தாம் நம்பும் ஆலிமிடம் இப்போதே கேட்டுத் தெளிவு பெறட்டும். கோடியைத் தொடும் பணத்தைக் கொட்டிய பிறகு கேட்பதில் யாருக்கும் பயன் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதும் சில தாய்மாரின் கவலை. அதற்கு பிக்ஹில் பாடம் கிடையாது.

தொழுகையும் நோன்பும் ஆண் பெண் இருவருக்கும் பொதுவான விடயம். பயணிக்குச் சுருக்கித் தொழவும் சேர்த்துத் தொழவும் சலுகை உண்டு என்பது நாம் அறிந்ததே. விமானிக்கு அது நித்தமும் தேவைப்படும். நோன்பைப் பின்னர் கழாச் செய்யும் சலுகையும் அப்படியே. தாகத்தாலும் பசியாலும் கவனம் குறைந்தால் பின்னால் இருக்கும் பயணிகளின் உயிர் அதற்குப் பொறுப்பாகிறது. ஆகவே தன் கம்பனியின் விதியைத் தெரிந்து நடக்க வேண்டும். நோன்போடு பறப்பவர் கீழே உள்ள ஊரின் பாங்கைப் பார்த்துத் திறக்க முடியாது. மேலே சூரியன் இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். தன் கண்ணுக்கு மறையும் வரை அவர் பொறுத்திருக்க வேண்டும்.

பிள்ளைக்கு உண்மையில் ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் வீட்டிலே ஒன்று செய்யலாம். பாடசாலைத் தேசப்படத்தை எடுத்துக்கொடுங்கள். ரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு கம்பளைப் பக்கமாகப் போகும். நீளம் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். வர்த்தக அனுமதிப்பத்திரத்துக்கு மாணவர் தாமே தலைமை ஏற்று, குறைந்தது 540 கிலோமீற்றர் தூரத்தை இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி முடிக்க வேண்டும். அதில் இது ஒரு பகுதியாக இருக்கலாம். கோட்டுக்குத் தெற்கே பீதுருதாலகால 2,524 மீற்றர், ஏறக்குறைய 8,280 அடி. பாவா ஆதம் மலை 2,243 மீற்றர். மலைப் பிரதேசத்தில் உயர்ந்த சிகரத்துக்கு மேல் இன்னும் 2,000 அடி விட வேண்டும் என்பது கருவிகளை நம்பிப் பறப்பவர்களின் கணக்கு. கூட்டினால் 10,000 அடிக்கு மேல் வரும். ஒட்சிசன் இல்லாத சிறு விமானத்தில் அந்த உயரத்தில் நெடுநேரம் நிற்க முடியாது. அப்படியானால் எந்த வழியாகப் போவது, எத்தனை மணிக்குப் புறப்படுவது? பிற்பகலில் நுவரெலியாவில் என்ன நடக்கும் என்பது மலைநாட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பதிலைப் பிள்ளை தாளில் எழுதட்டும்.