சாப்பாட்டு மேசையில் ஸ்பானிய மொழி

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவதென்றால் நம் பெற்றோர் முதலில் விசாரிப்பது தங்குமிடத்தைப் பற்றித்தான். பல்கலைக்கழக விடுதியா, வாடகை அறையா, உடன் இருப்பது யார்? ஸ்பானிய மொழி கற்க ஸ்பெயினுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில், அவர்கள் சமைப்பதைச் சாப்பிட்டு, அவர்களோடு பேசிப் பழகிப் படிப்பது. "யாரோ ஒருவர் வீட்டில் நம் பிள்ளையை விடுவதா?" என்று தயங்கும் தாய்மார்கள் பலர். அந்தத் தயக்கம் நியாயமானதே. அதனால் அந்த வீட்டுக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

சலமன்கா நகரை எடுத்துக்கொள்வோம். தலைநகர் மத்ரித்துக்கு மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் இருக்கும் பழைய ஊர். இங்குள்ள பல்கலைக்கழகம் 1218ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. ஸ்பானிய மொழிக்கு அச்சில் வந்த முதல் இலக்கண நூல், அந்தோனியோ தெ நெப்ரிஹா எழுதியது, 1492இல் இந்த ஊரில்தான் வெளியானது. தொல்காப்பியம் வைத்திருக்கும் நமக்கு 1492 நேற்று மாதிரிதான். இருந்தாலும் ஐரோப்பியர்களுக்கு அது பெரிய செய்தி. வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டு முழுவதும் வந்து போகும் ஊர் என்பதால், மாணவர்களை வீட்டில் வைத்துக்கொள்வது இங்குள்ள குடும்பங்களுக்குப் பழக்கமான காரியம்.

குடும்பத்தை மாணவர் தேடி அலைய வேண்டியதில்லை. மொழிப் பள்ளியோ பல்கலைக்கழகமோ ஏற்பாடு செய்துவிடும். உணவுக் கட்டுப்பாடு, ஒவ்வாமை, வீட்டில் நாய் பூனை இருந்தால் பரவாயில்லையா என்றெல்லாம் முன்கூட்டியே கேட்பார்கள். பல வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட்ட ஓர் அம்மையார்தான் குடும்பத் தலைவி. மாணவர் கட்டும் பணம் அவருக்கு வருமானம். இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. அவர் செய்வது தொண்டு அல்ல, போகிறவரும் விருந்தாளி அல்ல. பாசம் வந்தால் வரும், வராமலும் போகும். ஆனால் சாப்பாடும், சுத்தமான அறையும், பேச்சுத் துணையும் கிடைத்தே ஆக வேண்டும்.

முதல் வாரத்தில் தடுமாற வைப்பது மொழியல்ல, கடிகாரம். காலையில் காப்பியும் ரொட்டியும் என்று லேசாக முடித்துவிடுவார்கள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான், அதுதான் பெரிய சாப்பாடு. இரவு உணவுக்கு ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். ஏழு மணிக்கே பசி எடுக்கும் நம் பிள்ளைகள் பையில் பிஸ்கட் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சைவம் சாப்பிடுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'கார்னே' என்றால் இறைச்சி. "நோ கோமோ கார்னே", அதாவது நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால், தட்டில் 'ஹமோன்' என்ற பதப்படுத்திய பன்றித் தொடைத் துண்டோ, டூனா மீனோ வந்து நிற்கலாம். ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. அங்கே பலருக்கு 'கார்னே' என்றால் பெரிய இறைச்சித் துண்டுதான் நினைவுக்கு வரும். பருப்புக் குழம்பிலும் 'சொரீசோ' என்ற பன்றித் தொத்திறைச்சியைப் போட்டுக் கொதிக்கவைப்பது வழக்கம். ஆகவே இறைச்சி, மீன், ஹமோன், சொரீசோ என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். முட்டை சாப்பிடுவோருக்குக் கவலையில்லை. உருளைக்கிழங்கு போட்ட 'தோர்த்தில்யா' முட்டை அடை பல நாள் கைகொடுக்கும்.

காலணி விஷயத்தில் ஒரு வேடிக்கை. வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பது நமக்கு மரியாதை. அங்கே வெறுங்காலைப் பார்த்தால் அம்மையார் பதறிப்போவார், சளி பிடிக்கும் என்று கண்டிப்பார். வீட்டுக்குள் போட ஒரு ஜோடி செருப்பு அவசியம். காலணிக்கு ஸ்பானியத்தில் 'ஸபாத்தோ'. நம் பெரியவர்கள் சொல்லும் சப்பாத்தும், மலாய்க்காரர் சொல்லும் 'செப்பாத்து'வும் அதன் உறவுக்காரச் சொற்கள். இவை போர்த்துகீசியர் வழியாக வந்தவை. மேசைக்கும் அங்கே 'மேசா'தான்.

அந்த மேசையிலிருந்து பிறந்த சொல் ஒன்று உண்டு: 'சோப்ரமேசா'. சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் நேரத்தைக் குறிப்பது. பழம் வரும், காப்பி வரும், பேச்சு வளரும். அரசியல், கால்பந்து, அடுத்த வீட்டுக் கல்யாணம் என்று எதுவும் வரலாம். வகுப்பில் ஆசிரியர் மெதுவாகப் பேசுவார், மாணவருக்குத் தெரிந்த சொற்களையே தேர்ந்தெடுப்பார். மேசையில் அந்தச் சலுகை கிடையாது. மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். முதல் பத்து நாள் தலை வலிக்கும். பிறகு ஒரு நாள், எல்லோரும் சிரிக்கும்போது காரணம் புரிந்து நாமும் சிரிப்போம். சாப்பிட்டவுடன் "கிராத்தியாஸ்" என்று நன்றி சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் மாணவர் இதைத்தான் இழக்கிறார். குடும்பத்தோடு தங்குவதற்குக் கட்டிய பணத்தில் பாதி அந்த மூடிய கதவுக்கு வெளியே வீணாகிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சில வசதிகள் உண்டு. 'நீ', 'நீங்கள்' போலவே ஸ்பானியத்தில் 'தூ', 'உஸ்தெத்'. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இது புதிது, நமக்குப் பழையது. ஆனால் ஒரு சறுக்கல்: பெரியவர் ஆயிற்றே என்று அம்மையாரை 'உஸ்தெத்' என்று அழைத்தால், "என்னை அவ்வளவு கிழவியாக்கிவிடாதே" என்று சிரிக்கக்கூடும். இன்றைய ஸ்பெயினில் வீட்டுக்குள் 'தூ' போதும், அதில் அவமரியாதை இல்லை. அதே மாணவர் குவாத்தமாலாவுக்கோ கொலம்பியாவுக்கோ போனால் 'உஸ்தெத்' கூடுதலாகக் காதில் விழும். 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். ர, ற வேறுபாட்டை ஒழுங்காகப் பலுக்கப் பழகியவர்களுக்கு இது எளிது.

ஆங்கிலத்தை நம்புவதில்தான் ஆபத்து. வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல ஆங்கிலச் சொல்லை வளைத்து "எம்பாரசாதா" என்று ஒரு பெண் சொன்னால், மேசையே திகைத்து நிற்கும். அதற்குப் பொருள் கர்ப்பிணி!

எல்லா வீடும் நல்ல வீடாக அமைந்துவிடாது. சாப்பாடு குறைவாக இருக்கலாம், குளிரில் வெப்பமூட்டியைப் போடத் தயங்கலாம், பேச ஆளில்லாமல் தொலைக்காட்சி மட்டும் ஓடலாம். அதைப் பொறுத்துக்கொண்டு மூன்று மாதத்தைத் தள்ள வேண்டியதில்லை. பள்ளியின் தங்குமிடப் பொறுப்பாளரிடம் சொல்லி வீடு மாற்றித் தரும்படி முதல் வாரத்திலேயே கேட்கலாம். பணம் கட்டுவதற்கு முன்பே, வீடு மாற்றும் விதிமுறையை எழுத்தில் வாங்கிவைப்பது பெற்றோரின் வேலை. நண்பர்கள் இருவர் ஒரே வீட்டில் தங்குவதையும் தவிர்க்கலாம். பாதுகாப்பு என்று நினைத்துச் சேர்த்து அனுப்பினால், இருவரும் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசியே நாளை ஓட்டிவிடுவார்கள்.

மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் 180 நாட்களில் 90 நாட்கள் வரை விசா இல்லாமல் ஸ்பெயினில் தங்கலாம். அதற்கு மேல் படிப்பு நீண்டால் மாணவர் விசா வேண்டும். அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாகத் தொலைபேசி. குளிர்காலத்தில் அவர்கள் நம்மைவிட ஏழு மணி நேரம் பின்னால், கோடையில் ஆறு. நமக்கு இரவு எட்டு மணி ஆகும்போது அங்கே பகல் ஒரு மணி, மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அம்மா அழைத்துப் பேசி முடிக்கலாம். பிறகு மேசையில் உட்கார்ந்ததும் ஸ்பானிய அம்மையார் கேட்பார், "உன் அம்மா என்ன சொன்னார்?" அதற்கு ஸ்பானியத்தில்தான் பதில் சொல்லியாக வேண்டும்.