புண்ணும் பூச்சும்

சத்திரசிகிச்சை என்றவுடன் மக்கள் கத்திக்கே அஞ்சுவர். ஆயினும், ஒரு காலத்திற் கத்திக்குத் தப்பியவர் பலர், பின்னர்ப் புண்ணிற் பற்றிய சீழுக்குத் தப்பினாரல்லர். 1864, 1866 ஆகிய ஆண்டுகளிற் கிளாஸ்கோ நகரத்து வைத்தியசாலையிற் கையோ காலோ துண்டிக்கப்பெற்ற 35 பேரில் 16 பேர் மாண்டனர். இக்கணக்கை எழுதி வைத்தவர் அங்குச் சத்திரவைத்தியராயிருந்த யோசேப்பு லிஸ்ரர் என்பவர்.

புளித்தலுக்கும் அழுகலுக்கும் நுண்ணுயிர்களே காரணம் எனப் பஸ்ரர் என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டியிருந்தார். புண் சீழ்ப்பிடிப்பதும் அவ்வாறே என்று லிஸ்ரர் துணிந்தார். 1865 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணுக்குக் காபோலிக் அமிலந் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். கால் பிழைத்தது. 1867 முதல் 1869 வரை அங்கந் துண்டிக்கப்பெற்ற 40 பேரில் இறந்தவர் 6 பேரே.

காபோலிக் அமிலம் கிருமியோடு தசையையும் வருத்தியது. பின்னர், 1928 இற் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அதன்வழி வந்த நுண்ணுயிர்க்கொல்லிகள் சில, களிம்பாகவும் வழங்கலாயின. அப்படியாயின், தைத்த புண் ஒவ்வொன்றிலும் அக்களிம்பைப் பூசுதல் நன்றன்றோ என வினவலாம்.

விடை அத்துணை எளிதன்று. அமெரிக்காவிற் சிறு சத்திரசிகிச்சை பெற்ற 922 பேரை ஆராய்ந்து 1996 இல் முடிவு வெளியிட்டனர். ஒரு சாராருக்கு வெறும் வாசலினும், மற்றைய சாராருக்குப் பசித்திரசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பும் பூசப்பட்டன. முன்னவருள் நூற்றுக்கு 2.0 பேருக்கும், பின்னவருள் நூற்றுக்கு 0.9 பேருக்கும் புண்ணிற் கிருமி தொற்றியது. தற்செயலாகவும் நேரக்கூடிய வேறுபாடே இது. மேலும், பசித்திரசின் பூசியவருள் நால்வருக்குத் தோலில் ஒவ்வாமை கண்டது. வாசலின் பூசியவருள் ஒருவருக்கேனும் அது காணவில்லை. பல ஆய்வுகளை ஒருங்கே வைத்து 2016 இல் மதிப்பிட்டோரோ, களிம்பு ஓரளவு பயன்படும் என்றனர்: ஏறத்தாழ 50 பேருக்குப் பூசினால் ஒருவர் தொற்றினின்று தப்புவர்.

புண்ணிற் பூசாது வேறிடத்திற் பூசிப் பெரும்பயன் கண்டதும் உண்டு. சீழுக்குக் காரணமான கிருமிகளுள் முதன்மையான ஒன்று, ஏறக்குறைய மூவரில் ஒருவரின் மூக்கினுள் யாதொரு தீங்கும் செய்யாது குடியிருக்கின்றது. நெதர்லாந்தில், இக்கிருமியுடைய நோயாளருக்கு மூக்கினுள் முப்பிரோசின் களிம்பு பூசிக் கிருமிநாசினிச் சவர்க்காரத்தாற் குளிப்பாட்டினர். அக்கிருமியால் வைத்தியசாலையில் நேருந் தொற்று, நூற்றுக்கு 7.7 இலிருந்து 3.4 ஆகக் குறைந்தது. இம்முடிவு 2010 இல் வெளியாயிற்று.

ஆகவே, மருந்தின் வலிமை மட்டுமன்று, அதனை யாருக்கு, எவ்விடத்தில், எப்பொழுது இடுவது என்னும் தெளிவும் வேண்டும். போதாத அளவில் மருந்தை வழங்கினாற் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடும் எனப் பிளெமிங் 1945 இலேயே நோபல் பரிசு உரையில் எச்சரித்தார். வீட்டில் எஞ்சிய களிம்பை வைத்தியரைக் கேளாது புண்ணில் அப்புவோர் இதனை உணர்தல் வேண்டும்.

கட்டைத் தொடுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. கட்டை உலர்வாக வைத்திருக்க. புண்ணைச் சூழ்ந்த செம்மை பரவினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, களிம்பைத் தேடாது வைத்தியரை நாடுக.