திரைக்கு இந்தப் பக்கம்: ஃபிரண்ட்எண்ட் வேலை என்றால் என்ன?

சாயங்காலம் செங்கோட்டையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, மறுநாள் காலை எழும்பூரில் இறங்கி, கம்ப்யூட்டர் வேலை தேடிய தலைமுறை ஒன்று தென்காசிப் பகுதியில் உண்டு. 2011-இல் ஜோஹோ நிறுவனம் தென்காசியில் சிறியதாக ஓர் அலுவலகம் திறந்த பிறகு அந்த நிலைமை மெல்ல மாறியது. இன்று மத்தளம்பாறையில் அதற்குப் பெரிய வளாகமே இருக்கிறது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் தென்காசியில் வளர்ந்து உலகெங்கும் விற்பனையாகிறது. அதனால் பண்பொழியிலோ புளியரையிலோ பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை "நான் ஃபிரண்ட்எண்ட் டெவலப்பர் ஆகப்போகிறேன், ஸ்டார்ட்அப்பில் சேரப்போகிறேன்" என்று சொன்னால், வீட்டில் யாரும் மிரள வேண்டியதில்லை. ஆனால் அது என்ன வேலை, எப்படி வளரும், எங்கே சறுக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

செல்போனிலோ கணினியிலோ நம் கண்ணில் படுவதும் விரல் தொடுவதும் எல்லாம் ஃபிரண்ட்எண்ட். கணக்குகளைச் சேமிப்பது, பணத்தைச் சரிபார்ப்பது போல எங்கோ ஒரு சர்வரில் நடப்பவை பேக்எண்ட். இரண்டும் பேசிக்கொள்ளும் வழிக்கு ஏபிஐ என்று பெயர். ஃபிரண்ட்எண்ட் இன்ஜினியரின் கையில் அடிப்படையாக மூன்று கருவிகள் உண்டு. பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்வது எச்டிஎம்எல். அவை எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ். தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். கடைசியாகச் சொன்னதை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995-இல் பத்தே நாளில் முதல் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் போன்ற கருவிகள் இந்த மூன்றின் மேல் கட்டப்பட்டவை. ஜோஹோ தனக்கென்று லைட் என்ற ஒன்றை உருவாக்கி வைத்திருக்கிறது. நிறுவனம் மாறினால் இந்த மேல்கட்டு மாறும். அடியில் இருக்கும் மூன்றும் மாறாது. பயிற்சி மையங்கள் பல நேராக ரியாக்டில் ஆரம்பிப்பது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். அடிப்படை தெரியாத பிள்ளை முதல் வேலையிலேயே திணறுகிறது.

வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். சாரல் சீசனில் குற்றாலத்தில் அறை பதிவு செய்ய ஒரு செயலி. பத்துப் பேர் இருக்கும் ஸ்டார்ட்அப். டிசைனர் அழகான ஒரு திரையை வரைந்து கொடுத்திருக்கிறார்: அறையின் படம், விலை, 'பணம் செலுத்து' என்ற பொத்தான். அதைப் பார்த்தபடியே செய்துவிடுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகுதான் இன்ஜினியரின் மூளைக்கு வேலை. அறைகளின் பட்டியல் வந்துகொண்டிருக்கும்போது திரையில் என்ன தெரிய வேண்டும்? சனி, ஞாயிறு எல்லாம் நிரம்பிவிட்டால்? நெட் பாதியில் போனால்? புறப்படும் தேதி வரும் தேதிக்கு முன்னால் இருந்தால்? வரைந்து கொடுத்தது ஒரு திரை. கட்ட வேண்டியது ஐந்தாறு.

பணம் செலுத்தும் இடம் இன்னும் கடினம். பொத்தானை அழுத்துகிறார் ஒருவர். செயலி அவரை யுபிஐ ஆப்புக்கு அனுப்புகிறது. அவர் ரகசிய எண்ணைப் போட்டுப் பணம் கட்டிவிட்டார். அதற்குள், நினைவகம் குறைவான அவருடைய போன், பின்னால் இருந்த நம் செயலியை மூடிவிட்டது. திரும்பி வந்தால் முதல் பக்கம் நிற்கிறது. பணம் போய்விட்டதா, அறை கிடைத்ததா, ஒன்றும் தெரியவில்லை. பயந்துபோய் மறுபடியும் அழுத்துகிறார். இரண்டு முறை பணம் பிடிக்காமல் இருக்க, ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் ஒன்றை ஃபிரண்ட்எண்ட் உருவாக்கி அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் இது பழைய கோரிக்கைதான் என்று சர்வர் புரிந்துகொள்ளும். அந்த எண்ணைப் போனிலேயே சேமித்தும் வைக்க வேண்டும். அப்போதுதான் செயலி மறுபடி திறக்கும்போது, "உங்கள் பணம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்" என்று சொல்ல முடியும். அந்த ஒரு வரியை, பதற்றத்தில் இருப்பவர் பார்க்கும் இடத்தில், அவருக்குப் புரியும் தமிழில் வைப்பதும் இவருடைய வேலைதான். இந்த வேலையின் மதிப்பு அலங்காரத்தில் இல்லை, இதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

தமிழ்த் திரைகளில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. 'செங்கோட்டை' என்பது நமக்கு ஐந்து எழுத்து: செ, ங், கோ, ட், டை. ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் பத்து என்று சொல்லும். யூனிகோடில் ச ஒரு குறி, அதன் ஒற்றைக்கொம்பு இன்னொரு குறி. ங ஒன்று, புள்ளி ஒன்று. இது தெரியாமல் பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்று கட்டம் போட்டால், தமிழில் பெயர் எழுதுபவருக்குப் பாதி இடம்தான் கிடைக்கும். இடம் போதாமல் பெயரை வெட்டும்போது புள்ளி மட்டும் கழன்று 'ங்' என்பது 'ங' ஆகிவிடும். சரியாக எண்ண இப்போது பிரௌசருக்குள்ளேயே வசதி இருக்கிறது. அது இருப்பதைத் தெரிந்துவைத்திருப்பவர் வேண்டும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் அடங்கும் 'சப்மிட்' பொத்தான், தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று நீண்டு பெட்டிக்கு வெளியே வழியும். வரிகளுக்கு நடுவே இடைவெளி குறைந்தால் மேல்விலங்கும் கீழ்விலங்கும் வெட்டுப்படும். தமிழில் புழங்கி வளர்ந்த இன்ஜினியர் இதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பார்.

வேகத்துக்கும் அளவுகோல் உண்டு. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கு 200 மில்லிநொடிக்குள் திரை அசைய வேண்டும் என்பது கூகுள் வகுத்த வரையறை. அலுவலக வைஃபையில், விலையுயர்ந்த மடிக்கணினியில் இதை எட்டுவது சுலபம். பழைய ஆண்ட்ராய்டு போனில், மலையடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் எட்டுவதுதான் சவால். அப்படிப்பட்ட போன் கையில் இருக்கும் ஊர்க்காரருக்கு இது ஒரு பலம். பெங்களூரில் இருப்பவர் செயற்கையாக நெட்டை மெதுவாக்கிச் சோதித்துப் பார்ப்பதை, இவர் தினமும் அனுபவிக்கிறார்.

இனி வளர்ச்சிப் பாதை. இதற்கு ஒரே வாசல் இன்ஜினியரிங் கல்லூரி என்று நினைக்க வேண்டாம். ஜோஹோ ஸ்கூல்ஸ் என்ற பயிற்சிப் பள்ளி பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல் மாத உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லித்தருகிறது. தென்காசியிலும் அது இயங்குகிறது. வீட்டிலிருந்து படிக்க, கணியம் அமைப்பு எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் நூல்களை எளிய தமிழில் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. முதல் ஓரிரு ஆண்டுகள் மற்றவர் சொன்ன சிறு பகுதிகளைச் செய்வதில் போகும். பிறகு ஒரு வசதியை முழுதாகத் தானே திட்டமிட்டுக் கட்டும் நிலை வரும். அதற்கு மேல் பாதை பிரியும். சிலர் குழுவை நடத்தப் போவார்கள். சிலர் ஆள் நிர்வாகம் வேண்டாம் என்று தொழில்நுட்பத்திலேயே ஆழமாகப் போவார்கள். பேக்எண்டும் கற்று ஃபுல்ஸ்டாக் ஆவோரும் உண்டு.

ஸ்டார்ட்அப்பில் இந்தப் பயணம் வேகமாக நடக்கும். பெரிய நிறுவனத்தில் சோதிக்க ஒருவர், வாடிக்கையாளரிடம் பேச ஒருவர் என்று ஆள் இருக்கும். சின்ன இடத்தில் காலையில் நீங்கள் எழுதிய நிரல் மத்தியானம் மக்கள் கையில் இருக்கும். மாலையில் அதைப் பற்றிய புகாருக்கும் நீங்களே பதில் சொல்வீர்கள். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை, ஒரு நிபந்தனையோடு: உங்கள் நிரலைப் படித்துத் திருத்த அனுபவசாலி ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத ஸ்டார்ட்அப்பில் முதல் வேலையாகச் சேருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். சம்பளத்தோடு பங்கு உரிமையும் தருகிறோம் என்பார்கள். ஈசாப் என்று பெயர். ஜோஹோவில் இருந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம், ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது, ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அது நடந்த கதை. ஆனால் பெரும்பாலான ஸ்டார்ட்அப்புகள் அந்த இடத்துக்கு வருவதில்லை. பங்கு உரிமை வழக்கமாக நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும். முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. ஆகவே வீட்டுக் கடனையோ தங்கை கல்யாணத்தையோ அதை நம்பித் திட்டமிடக் கூடாது. சேருமுன் கேட்க வேண்டியவை: கையில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும்? சம்பளம் தவறாமல் வருகிறதா? பிஎஃப் பிடிக்கிறார்களா? பங்கு உரிமை எழுத்தில் உண்டா? இதைக் கேட்பதால் கோபப்படும் முதலாளியிடம் சேராமல் இருப்பதே மேல்.

ஏஐ வந்துவிட்டதே, இந்த வேலை இருக்குமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழுகிறது. ஒரு பக்கத்தின் முதல் வடிவத்தை அந்தக் கருவிகள் சில நிமிடங்களில் எழுதிவிடுகின்றன என்பது உண்மை. வெறும் திரையை மட்டும் கட்டத் தெரிந்தவருக்கு இடம் சுருங்கும். யுபிஐயிலிருந்து திரும்பி வந்து திகைத்து நிற்பவருக்கு என்ன காட்டுவது என்று யோசிக்கத் தெரிந்தவர், கருவி எழுதியதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பார். நேர்முகத் தேர்வுகளிலும் இதைத்தான் துருவுகிறார்கள்.

எனவே விண்ணப்பத்தோடு காட்டுவதற்குப் பத்துப் பயிற்சித் திட்டங்கள் வேண்டாம். ஊரில் ஒரு கடைக்கோ லாட்ஜுக்கோ ஒரே ஒரு பக்கம் உண்மையாகச் செய்து, கடைக்காரரின் சொந்தப் போனில் திறந்துகாட்டி, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் எப்படி இருந்தது, அவர் என்ன சொன்னார், எதை மாற்றினீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி இணையுங்கள். தேர்வு செய்பவர் அதைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்பார்.