எந்தக் காரை வாங்குவது? விடை என்ஜினில் இல்லை, சுங்க அட்டவணையில்!

புது தில்லி: முன்பக்கம் என்ஜின் கொண்ட ஆஸ்டன் மார்ட்டின் வேன்டேஜா, நடுவில் என்ஜின் கொண்ட பெராரி 296-ஆ, பின்னச்சுக்கும் பின்னால் என்ஜினைச் சுமந்து ஓடும் போர்ஷே 911-ஆ? வேகக் கார்களில் மனதைப் பறிகொடுத்தவர்கள் உலகெங்கும் ஓயாமல் விவாதிக்கும் கேள்வி இது. இந்தியாவில் மட்டும் இந்த விவாதத்தில் நான்காவதாக ஒருவர் வந்து அமர்ந்து கொள்கிறார். பெரும்பாலும் தீர்ப்பு வழங்குபவரும் அவரே. அவர், மத்திய நிதி அமைச்சர்.

கோடீஸ்வரர்களின் விளையாட்டுப் பொருளுக்கு எவ்வளவு வரி விதித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால், அந்த வரியில் எத்தனை ரூபாய் மாநிலங்களைச் சென்றடைகிறது, எத்தனை ரூபாய் தில்லியிலேயே தங்கிவிடுகிறது என்பது கோடீஸ்வரர்களின் பிரச்னை மட்டுமல்ல.

முதலில் கார்களைப் பார்ப்போம். போர்ஷே 911 கடந்த 1963-இல் அறிமுகமானது. எடை முழுவதும் பின்னால் இருப்பதால் வளைவில் நுழையும்போது முன்பகுதி லேசாகவும், வெளியேறும்போது பின்சக்கரங்கள் சாலையைக் கவ்விப் பிடிப்பதாகவும் இருக்கும். இந்தக் குணத்துக்குப் பழகியவர்கள் வேறு காருக்கு எளிதில் மாறுவதில்லை. பின்னால் குழந்தைகள் அமரும் அளவுக்கு இரு சிறு இருக்கைகளும் உண்டு. தினமும் ஓட்டக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயர் அதற்கு வந்தது இதனால்தான். பெராரி 296 வேறு ரகம். 2.9 லிட்டர், 6 சிலிண்டர் என்பதே அதன் பெயர். மின் மோட்டாரின் துணையுடன் 830 குதிரைத் திறன். நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட 2.9 விநாடி. வேன்டேஜ் பழைய மரபைச் சேர்ந்தது: நீண்ட முகப்பு, அதனுள் 4 லிட்டர் வி-8 என்ஜின், மின் மோட்டார் கிடையாது.

இந்த மூன்றும் இந்தியாவுக்கு முழுதாகக் கட்டப்பட்ட நிலையில் கப்பலேறி வருபவை. சென்னை அருகே உள்ள பி.எம்.டபிள்யூ. ஆலையில் பூட்டப்படும் எம்340ஐ காரை இவற்றின் அருகில் நிறுத்திப் பார்த்தால் கதை புரியும். 2021 மார்ச்சில் அது அறிமுகமானபோது விலை ரூ.62.90 லட்சம். 387 குதிரைத் திறன், 100 கி.மீ. வேகத்துக்கு 4.4 விநாடி. அதே காலத்து 911 கரேராவுக்கு 4.2 விநாடி. விலையோ இரு மடங்கைவிட மிக அதிகம். 0.2 விநாடிக்காக யாரும் அத்தனை பணம் கொடுப்பதில்லை. வித்தியாசத்தின் பெரும்பகுதி, உதிரிபாகங்களாக வரும் காருக்கும் முழுதாக வரும் காருக்கும் இடையிலான வரி வித்தியாசம்தான். ஸ்டியரிங்கில் கிடைக்கும் உணர்வும் இருக்கையின் தாழ்வும் ஒன்றல்ல என்று 911 ரசிகர்கள் வாதிடுவார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால், வேகம் மட்டுமே வேண்டும் என்பவர் சென்னையில் பூட்டிய நான்கு கதவுக் காருடன் நிம்மதியாக இருந்துவிடலாம்.

110 சதவீதத்தின் உள்ளே: சொகுசுக் கார்களின் இறக்குமதித் தீர்வையை 75-லிருந்து 100 சதவீதமாக உயர்த்தியவர் ப.சிதம்பரம், 2013-14 பட்ஜெட்டில். பின்னர் 10 சதவீத சமூகநல மேல்வரி சேர்ந்து மொத்தம் 110 சதவீதம் ஆனது. 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் 40 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட கார்களுக்கான அடிப்படைத் தீர்வை 100-லிருந்து 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. வரி குறைந்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்தனர். ஆனால், அதே பட்ஜெட்டில் வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கூடுதல் வரியாக 40 சதவீதம் சேர்க்கப்பட்டு, சமூகநல மேல்வரி நீக்கப்பட்டது. 70-ம் 40-ம் 110. வாங்குபவருக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

மாறியது பங்கீடு. அடிப்படைத் தீர்வை மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய தொகுப்பில் சேரும். கூடுதல் வரி சேராது. ரூ.1 கோடி இறக்குமதி மதிப்புள்ள காரில் முன்பு ரூ.1 கோடி பகிர்வுக்குரிய தொகுப்புக்குச் சென்றது. இப்போது செல்வது ரூ.70 லட்சம். 15-ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த 41 சதவீதப் பங்கின்படி கணக்கிட்டால், ஒவ்வொரு காருக்கும் மாநிலங்கள் அனைத்தும் சேர்ந்து ரூ.12.30 லட்சத்தை இழக்கின்றன. மத்திய அரசு கூடுதல் வரிகளையும் மேல்வரிகளையும் நாடுவது ஏன் என்று மாநிலங்கள் தொடர்ந்து எழுப்பும் குற்றச்சாட்டுக்கு இதைவிடப் பளபளப்பான உதாரணம் கிடைக்காது.

தீர்வைக்குப் பிறகு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு இது 40 சதவீதம். அதுவும் காரின் மதிப்பின் மீது மட்டுமல்ல, மதிப்பும் தீர்வையும் சேர்ந்த தொகையின் மீது. ஆக, ரூ.1 கோடி மதிப்புள்ள கார் தீர்வையுடன் ரூ.2.10 கோடி, ஜி.எஸ்.டி.யுடன் ரூ.2.94 கோடி, விற்பனையாளரின் லாபம் தனி. மின்காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமே என்பதால், அதே மதிப்புள்ள மின்சார ஸ்போர்ட்ஸ் கார் ரூ.2.21 கோடிக்குள் அடங்கிவிடும். ஏறத்தாழ ரூ.73 லட்சம் மிச்சம். என்ஜினின் ஓசைக்காகவே கார் வாங்குபவருக்கு அந்த ஓசையின் விலை இது.

டெண்டுல்கரின் பெராரி: விலக்கு அளிக்கும் அதிகாரம் எத்தகையது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. டெஸ்ட் சதங்களில் டான் பிராட்மனின் 29-ஐச் சமன் செய்த சச்சின் டெண்டுல்கருக்கு 2002-இல் பெராரி 360 மொடெனா கார் அன்பளிப்பாக வழங்கப்பட்டது. சில்வர்ஸ்டோன் பந்தயத் திடலில் அதைக் கையளித்தவர் மைக்கேல் ஷூமாக்கர். ஜஸ்வந்த் சிங் நிதி அமைச்சராக இருந்த 2003-இல், இந்தக் காருக்கான ரூ.1.13 கோடி தீர்வைக்கு விலக்கு அளிக்க அரசு முன்வந்தது. போட்டியில் வென்ற பரிசுக்குத்தான் விலக்கு, அன்பளிப்புக்கு எப்படி என்ற கேள்வி எழுந்தது. தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடரப்பட்டது. இறுதியில் கார் நிறுவனத்தின் தரப்பே தொகையைச் செலுத்தியது. நாடே கொண்டாடிய ஒருவருக்குக்கூடச் சுங்கத் தீர்வையில் சலுகை தருவதைப் பொதுமக்களில் ஒரு பகுதியினர் ஏற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இப்போது சலுகை தனிநபருக்கு அல்ல, நாடுகளுக்கு. 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தப்படி, 3,000 சி.சி.க்கு மேற்பட்ட பெட்ரோல் கார்களுக்கான தீர்வை, ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்குள், முதல் ஆண்டில் 30 சதவீதமாகவும் ஐந்தாம் ஆண்டில் 10 சதவீதமாகவும் இறங்கும். 30 சதவீதத்தில் கணக்கிட்டால் ரூ.1 கோடி மதிப்புள்ள பிரிட்டிஷ் காருக்கு ஜி.எஸ்.டி.யுடன் ரூ.1.82 கோடிதான். அதே மதிப்புள்ள ஜெர்மன் காரைவிட ரூ.1.12 கோடி குறைவு! வேன்டேஜின் வி-8 என்ஜின் ஜெர்மனியின் ஏ.எம்.ஜி.யிடமிருந்து வருவது என்பது இதில் ஒரு வேடிக்கை. உற்பத்தி மூலம் குறித்த விதிகளை நிறைவு செய்தால் போதும், ஜெர்மன் என்ஜினும் பிரிட்டிஷ் சலுகையில் பயணிக்கலாம்.

மற்றொரு பிரிட்டிஷ் காரான மெக்லாரன் ஆர்ட்டூராவை விரும்புபவருக்கு அந்த யோகம் இல்லை. அது மின் மோட்டார் இணைந்த ஹைபிரிட் ரகம். மின்கார்களுக்கும் ஹைபிரிட் கார்களுக்கும் முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் சலுகை கிடையாது. உள்நாட்டு மின்கார் தொழிலைக் காக்கவே இந்த ஏற்பாடு. உள்நாட்டில் புகையற்ற காருக்கு ஜி.எஸ்.டி. சலுகை, துறைமுகத்தில் புகைவிடும் பெரிய என்ஜினுக்குத் தீர்வைச் சலுகை என்று அரசின் இரு கைகளும் இரு திசைகளில் நீள்கின்றன.

பெராரி, போர்ஷே பிரியர்களும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துடனான பேச்சுவார்த்தை நிறைவடைந்ததாக 2026 ஜனவரி 27-இல் தில்லியில் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2.5 லட்சம் கார்கள் என்ற உச்சவரம்புக்குள் தீர்வை படிப்படியாக 10 சதவீதமாகக் குறையும் என்பது அதன் சாரம். காத்திருக்கும் பொறுமை உள்ளவருக்கு இன்று வாங்காமல் இருப்பதே நல்ல தேர்வாக இருக்கக்கூடும்.

இத்தகைய ஒப்பந்தத்தை பிரிட்டனில் நாடாளுமன்றத்தின் முன் வைத்தாக வேண்டும். இந்தியாவில் அதற்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் போதும். சுங்கச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின் கீழ் வெளியாகும் தீர்வைக் குறைப்பு அறிவிக்கைகள் பின்னர் அவைகளில் தாக்கல் செய்யப்படுகின்றன. பெரும்பாலும் மேஜை மீது வைக்கப்படும் காகிதக் கட்டுகளில் ஒன்றாக. பட்ஜெட் விவாதத்தில் 110 சதவீதத்தின் உட்கூறு மாறியதைப் பற்றிப் பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆனால், அந்த மாற்றத்தின் தாக்கம் காரோடு நிற்பதல்ல.

எந்த மாநிலத்தின் எண் பலகை?: காரைத் தேர்ந்தெடுத்த பிறகு மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் படலம் தொடங்குகிறது. ரூ.20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தமிழகத்தில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி 20 சதவீதமாக உயர்ந்தது. கர்நாடகத்தில் 18 சதவீதம். மகாராஷ்டிரத்திலோ எவ்வளவு விலையானாலும் ரூ.20 லட்சத்துக்கு மேல் வரி இல்லை என்ற உச்சவரம்பு இருந்தது; 2025 ஜூலையில்தான் அது ரூ.30 லட்சமாக உயர்த்தப்பட்டது. விளைவை ஊகிப்பது கடினமல்ல. மகாராஷ்டிரத்தில் பதிவு செய்யப்பட்டு பெங்களூரில் ஓடிய பெராரி எஸ்எப்90 ஒன்றை 2025 ஜூலையில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை மடக்கியது. உரிமையாளர் செலுத்த நேர்ந்தது ரூ.1.41 கோடிக்கும் மேல். ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. நேர்மையாக வரி கட்டும் ரசிகர்களும் இருக்கிறார்கள். ஆனால், பக்கத்து மாநிலத்தின் எண் பலகை கோடி ரூபாயை மிச்சப்படுத்தும் என்ற நிலையை வைத்துக்கொண்டு நேர்மையைச் சோதிப்பது ஆட்சியாளர்களுக்கு அழகல்ல.

சாலை: இவ்வளவையும் கடந்து வீடு வந்து சேரும் காரை எங்கே ஓட்டுவது? இந்திய சாலைகள் காங்கிரஸ் (கட்சியல்ல, பொறியாளர்களின் அமைப்பு) வகுத்த இலக்கணப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டதாக இருக்க வேண்டும். அப்படி அமைந்தால் தாழ்வான காரும் மெல்ல ஏறி இறங்கிவிடும். தெருவோரங்களில் இலக்கணம் மீறி எழும்பும் மேடுகளில்தான் அடிப்பாகம் உரசுகிறது. அதனால், முன்பகுதியைச் சில செ.மீ. உயர்த்தும் வசதி இருக்கிறதா என்பது இந்தியாவில் குதிரைத் திறனுக்கு முன்பாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. 911-இல் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் இந்த வசதி 4 செ.மீ. உயர்த்துகிறது.

கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் 165 கி.மீ. யமுனா விரைவுச் சாலையில் கார்களுக்கான வேக வரம்பு மணிக்கு 100 கி.மீ. பெராரி 2.9 விநாடியில் முடித்துவிடும் வேலை அது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் 2019 திருத்தச் சட்டப்படி 3 மாதம் வரை சிறை. அது சரியான சட்டமே. மற்றவர்களின் உயிரைப் பணயம் வைக்க எந்தக் காரின் உரிமையாளருக்கும் உரிமையில்லை. ஆனால், மாற்று இடம் வேண்டுமல்லவா? இருங்காட்டுக்கோட்டை, கோவை அருகே செட்டிப்பாளையம், கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசத் தடம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பந்தயத் தடங்களே இருக்கின்றன. புத் தடத்தில் 2011 முதல் 2013 வரை மூன்று பார்முலா-1 பந்தயங்கள் நடந்தன. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயத்தில் சொந்த மண்ணில் ஓட்டினார். அந்தப் பந்தயத்துக்கு முன்பே கேளிக்கை வரி விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, டிக்கெட் வசூலில் 25 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்குமாறு உத்தரவானது. நான்காவது பந்தயம் நடக்கவே இல்லை.

புதிய கார்களின் விலையைக் கண்டு பழைய கார்களை நாடும் ரசிகர்களும் உண்டு. விலை மட்டும் காரணமல்ல. டர்போவோ மின் மோட்டாரோ இல்லாத என்ஜின், கையால் மாற்றும் கியர் ஆகியவை வேண்டுமென்றால் பெரும்பாலும் பின்னோக்கித்தான் செல்ல வேண்டும். தலைநகரில் அதற்கும் முட்டுக்கட்டை. 15 ஆண்டுகளைத் தாண்டிய பெட்ரோல் கார்கள் தில்லிப் பகுதியில் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018-இல் உச்ச நீதிமன்றமும் வழிமொழிந்தது. 2025 ஆகஸ்டில் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கத் தடை விதித்த நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய தரத்திலான வாகனங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. தில்லியில் பி.எஸ்.-4 நடைமுறைக்கு வந்தது 2010-இல்.

மறுபுறம், 50 ஆண்டுகள் நிறைவடைந்த கார்களுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டு, தனி எண் வரிசையும் வழங்கியது. 2005-இல் தில்லியில் பதிவான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று 2020-இல் சாலையிலிருந்து விலகியாக வேண்டும். வின்டேஜ் தகுதி பெறுவது 2055-இல். இடைப்பட்ட 35 ஆண்டுகளுக்கு அதன் உரிமையாளர் தடையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலத்துக்குக் கொண்டு செல்லலாம், அல்லது உடைப்பவரிடம் ஒப்படைக்கலாம்.