போகிக்கு முன் ஒரு கேள்வி

மார்கழி மாதத்தின் கடைசி நாள் போகி. மறுநாள் பொங்கல். அதற்குள் ஒட்டடை அடித்து, வெள்ளை பூசி, வீட்டைத் துப்புரவாக்க வேண்டும். பரண்மேல் கிடந்த தகரப்பெட்டிகள் கீழே இறங்குகின்றன. கட்டிலுக்கு அடியில் இருந்த மூட்டைகள் கூடத்துக்கு வருகின்றன.

அப்போதுதான் வழக்கும் தொடங்குகிறது!

"இந்தக் குப்பையை இன்னும் எத்தனை வருஷம் கட்டிக் காப்பது அத்தை?" என்கிறாள் மருமகள்.

"அதெல்லாம் உன் மாமனார் வாங்கி வைத்தது. தொடாதே அம்மா!" என்கிறார் மாமியார்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால், வீட்டில் மனிதருக்கு இடம் இராது. எல்லாவற்றையும் எறிந்துவிட்டால், நாளைக்குத் தேடி அலைய வேண்டிவரும்.

எதை வைப்பது? எதைக் கழிப்பது?

பழையதா, புதியதா என்று பார்த்தால் போதாது. விலை அதிகமா, குறைவா என்று பார்த்தாலும் போதாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது போனால் மறுபடி கிடைக்குமா?"

தீயில் போன ஏடுகள்

இந்தக் கேள்வியைக் கேட்காததால் தமிழ்நாடு இழந்தது கொஞ்சமல்ல.

உ.வே.சாமிநாதையர் (1855-1942) பழைய ஓலைச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். சீவக சிந்தாமணியை 1887-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும் அச்சிட்டார். அவர் போன இடமெல்லாம் ஏடு கிடைத்துவிடவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் ஓமத் தீயில் இடப்பட்டுவிட்டன என்று அறிந்து மனம் நொந்தார். வேறோர் இடத்தில், ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

அப்படிச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஏட்டைக் காலால் மிதிபட விடக்கூடாது என்ற பக்தியால்தான் தீயிலும் நீரிலும் சேர்த்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. வேறு ஓலையில் படி எடுத்துக்கொண்டு கழித்திருந்தால் நஷ்டமே இல்லை!

இதற்கு நேர்மாறாக நடந்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. அவர் 1992-ல் காலமானார். பிறர் வேண்டாம் என்று தள்ளிய பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சேர்த்தார். துண்டு நோட்டீசு, அழைப்பிதழ்களைக்கூட விடவில்லை. அந்தச் சேகரிப்பைக் கொண்டுதான் 1994-ல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஒரு வீட்டுக் குப்பை, ஆராய்ச்சியாளருக்குப் பொக்கிஷமாயிற்று.

இதைக் கேட்டு, எல்லாக் காகிதத்தையும் மூட்டை கட்ட வேண்டியதில்லை. ஆனால் கட்டை அவிழ்த்துப் பாராமல் எதையும் எறியக்கூடாது.

முதலில் காகிதம்

வீட்டுப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், பட்டா, பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள், பள்ளி மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை முதலில் தனியே எடுத்து வையுங்கள். தாய்ப்பத்திரம் மஞ்சள் பூத்து, மடிப்பில் கிழிந்து, பார்வைக்குக் குப்பைபோல இருக்கும். ஆனால் வீட்டை விற்கும்போதும், வங்கியில் கடன் கேட்கும்போதும், அதைத்தான் கேட்பார்கள்.

பதிவான பத்திரம் தொலைந்தால் பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கலாம். அலைச்சல் உண்டு, ஆனால் வழி உண்டு. உயில் விஷயம் வேறு. உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. பதிவு செய்யாத உயிலுக்கு எந்த அலுவலகத்திலும் நகல் இராது. தாத்தா கையெழுத்திட்ட அந்த ஒரு தாள் தீயில் விழுந்தால், ஒரு குடும்பமே நீதிமன்றப் படி ஏற நேரலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் பலர் சான்றிதழ்களைப் பறிகொடுத்தார்கள். நகல் கொடுக்க அரசே சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியதாயிற்று. ஆகவே முக்கியமான காகிதங்களை நீர் புகாத உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். படம் அசலுக்கு ஈடாகாது. ஆனால் பத்திர எண்ணும் தேதியும் தெரிந்தால், நகல் கேட்பது சுலபம்.

இவர் யார்?

பெட்டியில் ஒரு பழைய புகைப்படம் கிடைக்கிறது. கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் நிற்கிறார். இவர் யார்? பாட்டிக்குத் தெரியும். பாட்டிக்கு மட்டும்தான் தெரியும்!

இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். பெயர் தெரியாத படத்தை அடுத்த தலைமுறை எறிந்துவிடும். பெயர் எழுதிய படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டும்.

பாத்திரமும் துணியும்

பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரங்கள் பத்து இருக்கின்றனவா? நினைவுக்கு ஒன்றோ இரண்டோ போதும். சமையலறையில் வைத்துப் புழங்குங்கள். மற்றவற்றை உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம். பரணில் களிம்பேறிக் கிடப்பதைவிட அது மேல் அல்லவா?

போட்டுக்கொள்ள முடியாத நல்ல துணிகளைத் துவைத்துப் பிறருக்குக் கொடுங்கள். கிழிந்த வேட்டி துடைக்க உதவும். உடைந்த நாற்காலி, மூடி இல்லாத டப்பா, அறுந்த ஒயர் இவையெல்லாம் கடையில் மறுபடி கிடைப்பவை. தயங்காமல் கழித்துவிடலாம்.

ஆனால் எரிக்க வேண்டாம்! பிளாஸ்டிக், ரப்பர், டயர் எரிந்தால் வரும் நச்சுப்புகை, தெருவில் உள்ள குழந்தைகளின் நெஞ்சைத்தான் முதலில் தாக்கும். பழைய சாமான் வாங்குபவரிடம் போட்டால் நாலு காசும் கிடைக்கும்.

நான்கு குவியல்

ஒரே நாளில் வீடு முழுவதையும் கலைக்காதீர்கள். நாளைக்கு ஒரு பெட்டியாக எடுங்கள். வைப்பது, கொடுப்பது, கழிப்பது என்று மூன்று குவியல் போடுங்கள். முடிவு தெரியாதவற்றை நான்காவது குவியலாக ஒரு பையில் கட்டி, மேலே தேதி எழுதுங்கள். அடுத்த போகி வரை யாரும் அதைத் தேடவில்லையென்றால், மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுக் கழித்துவிடலாம்.

இன்னொன்று. ஒருவர் பொருளை, அவரைக் கேட்காமல் இன்னொருவர் எறியக்கூடாது. பெரியவர் பெட்டியைப் பெரியவரை வைத்துக்கொண்டே திறக்கவேண்டும். எது குப்பை, எது குடும்பத்தின் சொத்து என்று அவர் வாயாலேயே தெரிந்துவிடும். மாமியார் சொல்ல, மருமகள் எழுதிக்கொண்டால், வழக்கும் தீர்ந்தது; வீடும் சுத்தமாயிற்று!