கேம் தண்டுக்குப் பேரிங் பொருத்துதல்



சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவை அடுத்து ஜாலான் புசார் என்றொரு சாலை உண்டு. மலாய் மொழியில் ‘பெரிய சாலை’ என்று பொருள். வாகன உதிரிப்பாகங்களுக்கும் இரும்புச் சாமான்களுக்கும் நெடுங்காலம் பெயர் பெற்ற வட்டாரம் அது. பக்கத்தில் சுங்கை ரோட்டில் இருந்த பழைய சாமான் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது. நம்மிடம் படித்த தோட்டத்து மாணவன் ஒருவன் அந்த வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் தொழில் பழகினான். அவன் அங்கே கற்ற பாடத்தை இன்று நாமும் கற்போம்.

கார் எஞ்சினும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. காற்றும் பெட்ரோலும் உள்ளே போக ஒரு வால்வு. புகை வெளியேற இன்னொரு வால்வு. இவற்றை உரிய நேரத்தில் திறந்துவிடுவது கேம் தண்டு. கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும். கிராங்க் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், கேம் தண்டு விநாடிக்கு 25 சுற்று!

பழைய கார்கள் பலவற்றில் இந்தத் தண்டு எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே இருக்கும். அதைத் தாங்குபவை வளையல் போன்ற பேரிங்குகள். அவற்றின் வெளிப்புறம் எஃகு. உட்புறம் வெள்ளீயம் போன்ற மெத்தென்ற உலோகக் கலவை. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே தலைமுடி கனத்துக்குத்தான் இடைவெளி. அந்த இடைவெளியில் எண்ணெய் நிற்க வேண்டும். மாட்டு வண்டி அச்சுக்கு மசகு இடுகிறோமே, அதே காரணந்தான்.

எண்ணெய் எப்படி வருகிறது? பிளாக்கில் ஒரு துளை. பேரிங்கில் ஒரு துளை. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். பால்மரத்தில் வெட்டுக் கோட்டின் முனையில் தகரத்தைச் சரியாகச் செருகினால்தான் பால் மங்கில் விழும். தகரம் விலகினால் பால் மண்ணுக்குப் போகும். இதுவும் அப்படியே.

இனி, பொருத்தும் முறை. முதலில் பிளாக்கை நன்றாகக் கழுவி, எண்ணெய் வழிகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பேரிங்குகள் எல்லாம் ஒரே அளவு என்று எண்ணிவிடக் கூடாது. பல எஞ்சின்களில் தண்டு முன்பக்கமிருந்து நுழைவதால், முன் பேரிங் பெரியது; பின்னால் போகப் போகச் சிறியது. எது எந்த இடத்துக்கு என்று முன்கூட்டியே வரிசையாக எடுத்து வைக்க வேண்டும். துளை வர வேண்டிய இடத்தைப் பிளாக்கின் விளிம்பிலும் பேரிங்கிலும் கோடிட்டுக்கொள்ள வேண்டும். பேரிங்கைச் சுத்தியலால் நேரே அடிக்கக் கூடாது. அதற்கென்றுள்ள கருவியை உள்ளே கொடுத்து, சாயாமல் செலுத்த வேண்டும். பிறகு துளைக்குள் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். சில எஞ்சின்களில் பொருத்திய பின் உட்புறத்தை அளவாகக் கடைந்தெடுக்கவும் வேண்டும். கடைசியில் எண்ணெய் தடவித் தண்டை நுழைத்தால், கையால் சுற்றும்போதே இலகுவாகச் சுற்ற வேண்டும்.

ஒருநாள் அந்தப் பட்டறையில் பழைய மோரிஸ் மைனர் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் பூட்டினார்கள். அவசர வேலை. முன் பேரிங் சற்றே திரும்பி உட்கார்ந்ததைப் பையன் கண்டான். வாய் திறக்கவில்லை. சில நாளில் கார் கடகடவென்ற சத்தத்தோடு திரும்பி வந்தது. மேலே வால்வு திறக்கும் பகுதிக்கு எண்ணெய் ஏறவில்லை. துளை பாதி மூடிக் கிடந்தது. வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. செலவும் பட்டறையின் தலையில்.

“பார்த்தேன் சார். சின்னப் பையன் சொன்னால் கேட்பார்களா என்று பேசாமல் இருந்துவிட்டேன்” என்று நம்மிடம் சொல்லி வருந்தினான். பெரிய மெக்கானிக்கிடமும் இதை ஒப்புக்கொண்டானாம். அவர் திட்டவில்லை. “இனி விளக்குப் பிடித்துத் துளையைப் பார்ப்பது உன் வேலை. நீ சரி என்று சொன்ன பிறகுதான் தண்டு உள்ளே போகும்” என்றாராம்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் பலர் பட்டறை வேலைக்குப் போகிறார்கள். பெரியவர்களுக்கு அடங்கி நட என்று சொல்லி அனுப்புகிறோம், நல்லதுதான். ஆனால் கண்ட குறையைப் பணிவோடு உடனே சொல் என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்புவோம். மூடிய எஞ்சினுக்குள் இருக்கும் பிழையை, மூடுமுன் பார்த்தவன்தானே சொல்ல முடியும்?