என்கவுன்டரில் ஒருவர் இறந்தால் யார் பொறுப்பு? சட்டம் சொல்வதும் எண்கள் காட்டுவதும்

2024 செப்டம்பர் 23, மாலை நேரம். மகாராஷ்டிராவின் தலோஜா சிறையிலிருந்து 24 வயது விசாரணைக் கைதி ஒருவரை போலீஸ் வேனில் அழைத்துச் செல்கிறார்கள். பத்லாபூரில் உள்ள ஒரு பள்ளியில் இரண்டு சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் கைதானவர் அவர். மும்ப்ரா அருகே வேனுக்குள்ளேயே சுடப்பட்டு இறந்தார். ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பறித்து அவர் சுட்டதாகவும், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டதாகவும் போலீஸ் சொன்னது.

அன்றிரவே இணையத்தில் இரண்டு அணிகள் உருவாகிவிட்டன. 'இவனுக்கெல்லாம் இதுதான் சரி' என்றது ஒன்று. 'விசாரணையே இல்லாமல் கொன்னுட்டாங்க' என்றது இன்னொன்று.

அந்தத் தேதிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. சரியாக 10 ஆண்டுகளுக்கு முன், 2014 செப்டம்பர் 23 அன்றுதான், என்கவுன்டர் மரணங்களை எப்படி விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 16 வழிமுறைகளை வகுத்தது. தேதி ஒத்துப்போனது தற்செயல். ஆனால், விதி வந்து 10 ஆண்டு ஆன பிறகும் 'யார் பொறுப்பு' என்று நாம் ஏன் முதலிலிருந்தே வாதம் செய்துகொண்டிருக்கிறோம்? அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

போலீஸ் சுடவே கூடாதா?

அப்படி இல்லை. நம் எல்லோருக்கும் இருக்கும் தற்காப்பு உரிமை போலீஸுக்கும் உண்டு. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் சூழலில் எதிராளியின் உயிர் போகும் அளவுக்கு வன்முறையைப் பயன்படுத்தலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 38-வது பிரிவு. ஆனால், தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்று 37-வது பிரிவு எல்லை போடுகிறது.

கைது செய்யும்போது எதிர்த்தால்? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு தேவையான பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது, உயிரைப் பறிக்கும் உரிமையை இந்தப் பிரிவு தரவில்லை.

ஆக, சட்டம் கேட்பது ஒரே கேள்விதான்: அந்த நொடியில் சுடுவதைத் தவிர வேறு வழி இருந்ததா? இறந்தவர் நல்லவரா கெட்டவரா என்பது சட்டத்தின் கேள்வி அல்ல. இணையத்தில் நடக்கும் சண்டை பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான்.

'ரவுடிதானே, அதனால் என்ன?'

ரவுடி என்று முடிவு செய்தது யார் என்பதுதான் சிக்கல். 1997 மார்ச் 31 அன்று டெல்லி கன்னாட் பிளேஸில் ஒரு காரை போலீஸார் சுற்றிவளைத்துச் சுட்டனர். இறந்த இருவரும் தொழிலதிபர்கள். போலீஸ் தேடிவந்த ரவுடி அந்தக் காரிலேயே இல்லை, ஆள் மாறிப்போனது. காருக்குள்ளிருந்து முதலில் சுட்டார்கள் என்ற தற்காப்பு வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. 10 போலீஸாரின் ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

2019 டிசம்பர் 6, ஹைதராபாத். பெண் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட வழக்கில் கைதான நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சம்பவ இடத்தில் திரண்ட மக்கள் போலீஸார் மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி வி.எஸ்.சிர்புர்கர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழுவின் தலைவர் டி.ஆர்.கார்த்திகேயனும் அதில் உறுப்பினர்.

2022 மே மாதம் வெளியான ஆணைய அறிக்கை, கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டதாகச் சொன்னது. துப்பாக்கியைப் பறித்தார்கள் என்ற கதையை நம்ப முடியாது என்றது. 10 போலீஸார் மீது கொலை வழக்கு விசாரணை நடக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. இறந்தவர்களில் மூவர் 18 வயது நிறைவடையாதவர்கள் என்றும் கூறியது. அந்த நால்வரும்தான் குற்றவாளிகளா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல முடியாது. இது கொல்லப்பட்ட அந்த மருத்துவருக்கும் நடந்த அநீதிதான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

2017 ஜனவரி 1 முதல் 2022 ஜனவரி 31 வரை நாடு முழுவதும் போலீஸ் என்கவுன்டர்களில் 655 பேர் இறந்ததாக மத்திய அரசு மக்களவையில் தெரிவித்தது. சராசரியாக மூன்று நாளுக்கு ஒருவர்.

அதிகம் பதிவான மாநிலங்கள்:

• சத்தீஸ்கர் - 191
• உத்தரப் பிரதேசம் - 117
• அசாம் - 50
• ஜார்க்கண்ட் - 49
• ஒடிசா - 36

முதல் இரண்டு மாநிலங்களிலேயே கிட்டத்தட்ட பாதி. இந்த எண்ணைப் பார்த்து '655 போலி என்கவுன்டர்கள்' என்று சொல்லிவிடக் கூடாது. சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் மாவோயிஸ்டுகளுடன் உண்மையிலேயே துப்பாக்கிச் சண்டைகள் நடந்திருக்கின்றன. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை மட்டும்தான் இந்தப் புள்ளிவிவரம் சொல்கிறது.

லாக்கப் மரணங்களைப் பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத் தரவுகளின்படி, 2001 முதல் 2020 வரை போலீஸ் காவலில் 1,888 பேர் இறந்தனர். போலீஸார் மீது பதிவான வழக்குகள் 893. குற்றப்பத்திரிகை தாக்கலானது 358 போலீஸார் மீது. தண்டனை பெற்றவர்கள் 26 பேர்.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை. காவல் மரணம் எல்லாமே கொலை அல்ல. நோயால் இறந்தவர்களும் தற்கொலை செய்துகொண்டவர்களும் இதில் உண்டு. அதனால் 26-ஐ 1,888-ஆல் வகுத்து 'தண்டனை விகிதம்' என்று போடுவது தவறான கணக்கு. ஆனாலும் ஒவ்வொரு படியிலும் எண் எப்படிச் சுருங்குகிறது என்பதைக் கவனியுங்கள். பொறுப்பு காணாமல் போவது இந்தப் படிகளுக்கு நடுவில்தான்.

எங்கே அறுந்து போகிறது?

முதல் இடம், எஃப்.ஐ.ஆர். என்கவுன்டர் நடந்தால் எஃப்.ஐ.ஆர் போட வேண்டும் என்கிறது 2014 தீர்ப்பு. ஆனால் அது சுட்ட போலீஸார் மீதுதான் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. நடைமுறையில் பல வழக்குகளில், போலீஸாரைக் கொல்ல முயன்றதாக இறந்தவர் மீதே எஃப்.ஐ.ஆர் பதிவாகிறது. இறந்தவர் மீது வழக்கு நடத்த முடியாது என்பதால் கோப்பும் மூடப்படுகிறது. தற்காப்பு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. வழக்கே இல்லையென்றால் யார் எங்கே நிரூபிப்பது?

இரண்டாவது, விசாரிப்பது யார் என்பது. சிஐடி அல்லது வேறு காவல் நிலையத்தின் குழு விசாரிக்க வேண்டும், சுட்ட குழுவின் தலைவரைவிடக் குறைந்தது ஒரு படி மேலான அதிகாரி அதைக் கண்காணிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற விதி. நிலையம் மாறினாலும் துறை ஒன்றுதானே? ஆதாரங்களைச் சேகரிப்பதும் பாதுகாப்பதும் அதே துறையின் கையில்தான்.

மூன்றாவது, அரசு அனுமதி. பணியின்போது செய்த செயலுக்காக அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும். இஷ்ரத் ஜஹான் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் அகமதாபாத் அருகே நால்வர் கொல்லப்பட்டது போலி என்கவுன்டர் என்று 2013-ல் சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2019-ல் குஜராத் அரசு இரண்டு முன்னாள் அதிகாரிகளுக்கு எதிரான அனுமதியை மறுத்தது; அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். குற்றம் நடந்ததா என்ற முழு விசாரணைக்கு வழக்கு போகவே இல்லை. புதிய சட்டத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும்.

'மேலிடத்து உத்தரவு' என்றால் தப்பிக்கலாமா?

முடியாது. போலி என்கவுன்டரில் ஈடுபடும் போலீஸார், மேலதிகாரி சொன்னதைத்தான் செய்தோம் என்று தப்பிக்க முடியாது என 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அப்படியென்றால் உத்தரவு போட்டவர்? பொது நோக்கத்துடன் செயல்பட்டது நிரூபணமானால் அவரும் குற்றவாளிதான். ஆனால் இப்படிப்பட்ட உத்தரவை யாரும் எழுத்தில் தருவதில்லை என்பதால் மேலே போகப்போக நிரூபிப்பது கடினம்.

தற்காப்புக்கும் கொலைக்கும் நடுவிலும் ஓர் இடம் இருக்கிறது. நல்லெண்ணத்துடன் கடமையைச் செய்யும்போது அதிகார வரம்பை மீறி மரணம் விளைவித்தால், அது கொலையாகாத மரணம் விளைவித்தல். 1991-ல் உத்தரப் பிரதேசத்தின் பிலிபித்தில் 10 சீக்கியர்கள் கொல்லப்பட்ட வழக்கில் 47 போலீஸாருக்கு 2016-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2022-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்த விதிவிலக்கைப் பயன்படுத்தி, 43 பேருக்கு 7 ஆண்டு சிறையாகக் குறைத்தது.

இழப்பீடு தனி. அதைக் கொடுப்பது அரசு, அதாவது நம் வரிப்பணம். இழப்பீடு கொடுத்துவிட்டதால் சுட்டவரின் குற்றவியல் பொறுப்பு தீர்ந்துவிடாது.

குடும்பம் என்ன செய்யலாம்?

2006 நவம்பர் 11 அன்று மும்பையில் லக்கன் பையா என்பவர் என்கவுன்டரில் கொல்லப்பட்டார். அவருடைய சகோதரர் வழக்கறிஞர். தம்பியை போலீஸார் பிடித்துப்போனார்கள் என்று தெரிந்ததுமே அதிகாரிகளுக்குத் தந்தியும் ஃபேக்ஸும் அனுப்பினார். 'திடீரென மோதல் நடந்தது' என்ற கதையை உடைக்க அந்தப் பதிவுகள் உதவின. முன்னாள் போலீஸ் அதிகாரி பிரதீப் சர்மாவுக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2024 மார்ச்சில். இடையில் ஓடியது 17 ஆண்டுகள்!

வீட்டில் வழக்கறிஞர் இல்லாதவர்களுக்கும் சில வழிகள் இருக்கின்றன:

• வழிமுறைகள் பின்பற்றப்படவில்லை என்றால், சம்பவம் நடந்த பகுதியின் செஷன்ஸ் நீதிபதியிடம் குடும்பத்தினர் புகார் தரலாம். 2014 தீர்ப்பிலேயே இது இருக்கிறது.
• போஸ்ட்மார்ட்டத்தை இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். அது நடந்ததா என்று கேளுங்கள்.
• தேசிய மனித உரிமைகள் ஆணையத்தில் புகார் தர ஓராண்டுதான் கெடு.

ஆனால் பொறுப்பைத் தேடும் பாரத்தைக் குடும்பத்தின் தலையில் வைப்பது நியாயமா? பத்லாபூருக்கே திரும்பி வருவோம்.

பத்லாபூரில் பிறகு என்ன நடந்தது?

போலீஸ் காவலில் நடந்த மரணம் என்பதால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரித்தார். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்துக்கு வந்த அறிக்கை, பறித்ததாகச் சொல்லப்பட்ட துப்பாக்கியில் இறந்தவரின் கைரேகை இல்லை என்றது. பலப்பிரயோகம் நியாயமற்றது, வேனில் இருந்த ஐந்து போலீஸாரும் மரணத்துக்குப் பொறுப்பு என்றது.

அடுத்த மாதமே, வழக்கைத் தொடர விருப்பமில்லை என்று இறந்தவரின் பெற்றோர் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் விடவில்லை. தனக்கு உதவ ஒரு வழக்கறிஞரை நியமித்து விசாரணையைத் தொடர்ந்தது. எஃப்.ஐ.ஆர் போட்டு சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரிக்க ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்தக் குழுவை மாநில டிஜிபி அமைக்க வேண்டும் என்று மட்டும் மே மாதம் உச்ச நீதிமன்றம் மாற்றியது.

மரணத்திலிருந்து அந்த ஏப்ரல் உத்தரவுவரை ஆறரை மாதம் ஆனது. நீதிமன்றம் கையை விட்டிருந்தால், பெற்றோர் விலகிய அன்றே கதை முடிந்திருக்கும்.

சுதந்திரமான விசாரணை போலீஸுக்கு எதிரானது என்று நினைக்க வேண்டியதில்லை. உண்மையிலேயே உயிரைப் பணயம் வைத்துச் சுட்ட போலீஸ்காரருக்கு, 'போலி' என்ற சந்தேகத்திலிருந்து வெளியே வர அதைவிட நல்ல வழி கிடையாது.

அடுத்த முறை 'என்கவுன்டரில் ரவுடி பலி' என்று உங்கள் செல்போனில் செய்தி வரும்போது, இறந்தவர் மீது எத்தனை வழக்கு இருந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். எஃப்.ஐ.ஆர் யார் மேல், விசாரிப்பது யார், சுட்ட துப்பாக்கி தடயவியல் சோதனைக்குப் போனதா, மாஜிஸ்திரேட் அறிக்கை எங்கே என்ற நாலு கேள்வியையும் கேளுங்கள். யார் பொறுப்பு என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது.